கடிகாரம் அறியாத பசி

ஆந்திரக் குளங்களில் தீவனம் வீசும் வேலைக்குத் தானியங்கி இயந்திரங்கள் வந்துவிட்டன. செலவு குறைவது இயந்திரத்தைவிட, கரையில் நிற்கும் ஆளைப் பொறுத்திருக்கிறது.

காலை ஆறு மணி. பீமவரம் வட்டார இறால் குளம் ஒன்றின் கரையில் ஆள் அரவம் இல்லை. கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் மரப்பலகையின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் நிற்கிறது. திடீரென அது உறுமுகிறது. அடியிலுள்ள தட்டு சுழல, குருணை போன்ற தீவனம் வட்டமாகச் சிதறி நீரில் விழுகிறது. சில விநாடிகளில் சத்தம் அடங்கிவிடுகிறது. சில நிமிடம் கழித்து மறுபடியும் உறுமும். மாலைவரை இதே கதைதான்.

பெரும்பாலான குளங்களில் இன்றும் இந்த வேலையை மனிதர்தான் செய்கிறார். தெர்மோகோல் தெப்பத்தில் தீவன மூட்டையோடு ஏறிக்கொள்வார். குளத்தின் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தபடி நகர்ந்து, இருபுறமும் கையால் அள்ளி வீசிக்கொண்டே போவார். ஒரு நாளைக்கு நான்கு அல்லது ஐந்து தடவை. கொளுத்தும் வெயில், கொட்டும் மழை எதுவானாலும் இதில் மாற்றமில்லை. பண்ணையாளர்கள் ‘ஆட்டோ ஃபீடர்’ என்று அழைக்கும் இயந்திரம் இந்த மனிதரின் கையைத்தான் விடுவிக்க வந்திருக்கிறது. ஆனால் அவர் கையோடு கண்ணையும் சேர்த்து வேலைக்குக் கொண்டுவந்தார் என்பது பல பண்ணைகளில் பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

ஓட்டைச் சாக்கின் அறிவு

குளத்து மீனுக்குத் தானாகத் தீவனம் கிடைக்கச் செய்யும் யோசனை ஆந்திராவுக்குப் புதிதல்ல. மோட்டாரும் மின்சாரமும் இல்லாமலேயே அது அங்கே பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

கொல்லேறு ஏரியை ஒட்டிய பகுதிகளில் 1970களின் பிற்பகுதியில் மீன் குளங்கள் வெட்டப்பட்டன. அடுத்த பத்தாண்டில் கைகலூரு, ஆகிவீடு வட்டாரங்களில் நெல் வயல்கள் மளமளவெனக் குளங்களாயின. ரோகுவும் கட்லாவும் ஐஸ் நிரப்பிய பெட்டிகளில் லாரி ஏறி ஹவுராவுக்கும் அசாமுக்கும் போயின. மீன் பெருகியபோது தீவனச் செலவும் பெருகியது. எண்ணெய் எடுத்த அரிசித் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கையால் வாரி இறைத்தால் பாதி கரைந்தே போய்விடும். இதற்கு விவசாயிகளே ஒரு வழி கண்டார்கள். உரச் சாக்கின் அடிப்பகுதியில் வரிசையாகத் துளைகள் போட்டு, தவிட்டை நிரப்பி, குளத்தில் நட்ட மூங்கில் கழிகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். சாக்கின் அடிப்பகுதி நீரில் மூழ்கியிருக்கும். பசித்த மீன் துளையில் வாய் வைத்து உறிஞ்சும். பசி அடங்கினால் விலகிவிடும்.

எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் பிறக்காத இந்த உத்தியை ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2013இல் ஆந்திரக் கெண்டை வளர்ப்பு பற்றி வெளியிட்ட ஆய்வில் விரிவாகப் பதிவு செய்தது. சாக்கின் சிறப்பு அது கொடுக்கும் தகவலில்தான் இருக்கிறது. காலையில் கட்டிய சாக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் காலியானால் மீன் நலமாக இருக்கிறது. மத்தியானம் வரை கனமாகத் தொங்கினால் குளத்தில் ஏதோ கோளாறு. நீரில் பிராணவாயு குறைந்திருக்கலாம், நோய் தொற்றியிருக்கலாம், வானம் மூடிக் கிடக்கலாம். எதுவானாலும் படகில் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பவர் கை எடையிலேயே அறிந்துகொள்வார்.

மீனின் உடலமைப்புக்கும் இது பொருந்தியது. ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்களுக்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது. ஒரே மூச்சில் நிறையத் தின்று சேமித்து வைத்துக்கொள்ள அவற்றால் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்பதுதான் அவற்றின் இயல்பு.

குறையும் இருந்தது. தவிட்டின் நுண்துகள்கள் துளை வழியே கசிந்து நீரில் கலந்தன. ஒரு கிலோ மீன் வளர இரண்டரை, மூன்று கிலோ தீவனம் கூடச் செலவானது. பங்காஸ் கெளுத்தி வளர்ப்பு பரவியபோது மிதக்கும் குருணைத் தீவனமும் கூடவே வந்தது. குருணையைச் சாக்கில் கட்ட முடியாது, வீசத்தான் வேண்டும். வீசுவதென்றால் ஆள் வேண்டும், அல்லது இயந்திரம் வேண்டும்.

ஒரு மூட்டை யூரியா

இயந்திரத்துக்கு உண்மையான கிராக்கியை உண்டாக்கியது மீனல்ல, இறால். 1990களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரையை ஆட்டிவைத்த புலி இறால் மோகம் 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோயில் சரிந்தது. 2009இல் பசிபிக் கடலின் வன்னமெய் இறாலை வளர்க்க மத்திய அரசு அனுமதித்ததும் குளங்கள் மீண்டும் உயிர்பெற்றன. இன்று நாட்டின் வளர்ப்பு இறாலில் மிகப் பெரும் பங்கு ஆந்திராவுடையது.

இறால் வளர்ப்பில் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. எனவே பண்ணையாளரின் லாப நஷ்டம் ஓர் எண்ணில் அடங்கிவிடுகிறது. ஒரு கிலோ இறால் பிடிக்க எத்தனை கிலோ தீவனம் போட்டோம் என்பதுதான் அந்த எண். 1.3 என்றால் முகம் மலரும். 1.5ஐத் தாண்டினால் தூக்கம் போகும்.

ஏன் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு குளத்தில் 2 டன் இறால் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.5 ஆக இருந்தால் 3 டன் தீவனம் செலவு. 1.3 ஆனால் 2.6 டன். வித்தியாசம் 400 கிலோ. தீவனம் கிலோ 100 ரூபாய் என்றால் ஒரே அறுவடையில் ரூ.40,000. பிடிக்கும் நாளில் இறால் விலை கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்கினால் அதே தொகை நஷ்டமாகும். விலை பண்ணையாளரின் கையில் இல்லை. அவர் கைவசம் இருப்பது தீவனக் கணக்கு மட்டுமே.

பணம் போவதோடு விஷயம் முடிவதில்லை. தின்னாமல் அடியில் தங்கிய தீவனம் அழுகும். இறால் தீவனத்தில் புரதம் ஏறக்குறைய 35 சதவீதம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். இந்தக் கணக்கில் வீணான 400 கிலோ தீவனத்தில் சுமார் 22 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைப் பிரித்துக் குளத்தில் கொட்டியதைவிடச் சற்று அதிகம். அது அம்மோனியாவாகவும் நைட்ரைட்டாகவும் மாறி இறாலின் செவுளைத் தாக்கும். அழுகும் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சும். அதை ஈடுகட்டக் கூடுதல் ஏரேட்டர்கள் ஓடும், மின் கட்டணம் ஏறும். வீணான ஒரு பிடித் தீவனத்துக்கு விவசாயி பலமுறை விலை கொடுக்கிறார்.

குளத்தைத் தாண்டியும் பாதிப்பு உண்டு. அழுகிய தீவனமும் கழிவும் கலந்த நீர் வாய்க்கால்களிலும் வயல்களிலும் பாய்ந்தது என்பது இறால் பண்ணைகளுக்கு எதிரான பழைய குற்றச்சாட்டு. தஞ்சை, நாகை வட்டாரத்தின் காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கடலோரப் பண்ணைகளை உலுக்கியது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. தீவனத்தை அளந்து போடுவது பண்ணையாளரின் பையை மட்டுமல்ல, அண்டை வயலையும் காக்கும்.

மூன்று வகை வீச்சு

சந்தையில் உள்ள இயந்திரங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. மேலே தீவனத் தொட்டி, கீழே மோட்டாரில் சுழலும் தட்டு, பக்கத்தில் டைமர். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எத்தனை விநாடி வீச வேண்டும் என்று அமைத்துவிட்டால் போதும். ஆந்திராவில் அதிகம் காணப்படுவது இதுதான்.

இதன் நன்மை சிறு சிறு வேளைகளாகப் பரிமாறுவது. 2 டன் இறால் உள்ள குளத்துக்கு உடல் எடையில் இரண்டரை சதவீதம் என்று ஒரு நாளைக்கு 50 கிலோ தீவனம் தேவைப்படலாம். ஆள் நான்கு வேளையாக வீசினால் வேளைக்கு பன்னிரண்டரை கிலோ ஒரேயடியாக நீரில் விழும். இறால் அவசரமாகத் தின்னும் ஜீவன் அல்ல. குருணையைக் கால்களால் பற்றி வாயருகே வைத்துக் கொறிக்கும். அதற்குள் மற்ற குருணைகள் நீரில் ஊறி, சத்தை இழந்து, மணமும் ருசியும் போய்க் கிடக்கும். இயந்திரம் அதே 50 கிலோவை 12 மணி நேரத்தில் 6 நிமிடத்துக்கு ஒருமுறை வீசினால் 120 தடவை, ஒவ்வொரு முறையும் 400 கிராம் சொச்சம். விழுந்த சூட்டிலேயே தின்றுவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது வகை, மீனே இயக்குவது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு தண்டு நீருக்குள் தொங்கும். மீன் அதை முட்டினால் தீவனம் கொஞ்சம் விழும். முட்டினால் சோறு என்பதை மீன்கள் விரைவிலேயே கற்றுக்கொள்கின்றன. வெளிநாட்டு ட்ரௌட் பண்ணைகளில் நீண்டகாலமாக இது பழக்கத்தில் உள்ளது. புவனேஸ்வரம் அருகே கௌசல்யகங்காவில் இயங்கும் மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் கெண்டைக் குளங்களுக்காகக் கண்ணாடியிழையில் இத்தகைய சாதனத்தை உருவாக்கியது. மோட்டார் கிடையாது. பழுதாக அதிகம் ஏதுமில்லை. கொல்லேறு விவசாயியின் ஓட்டைச் சாக்குக்கு இது தம்பி முறை. ஆனால் இறாலுக்குத் தண்டை முட்டும் பழக்கம் கிடையாது.

மூன்றாவது வகைதான் இன்று பேசப்படுவது. இறால் குருணையைக் கடிக்கும்போது அதன் தாடைகளிலிருந்து மெல்லிய ‘கிளிக்’ ஒலி எழும். நீருக்குள் இறக்கிய ஒலிவாங்கி அதைக் கேட்டு, கணினிக்கு அனுப்பும். மெல்லும் ஒலி மிகுந்தால் இயந்திரம் அதிகம் வீசும், ஒலி தேய்ந்தால் நிறுத்தும். மழைச் சத்தத்துக்கும் ஏரேட்டர் இரைச்சலுக்கும் நடுவே இறாலின் கடியைப் பிரித்தறிவதுதான் இதன் சாமர்த்தியம். விலையும் டைமர் இயந்திரத்தைவிடப் பல மடங்கு.

முதல் வகை மணியைப் பார்க்கிறது. மற்ற இரண்டும் பசியைக் கேட்கின்றன. விலைப் பட்டியலில் மூன்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் சுலபத்தில் கண்ணில் படுவதில்லை.

பஞ்சாங்கம் தெரியாத மோட்டார்

டைமர் இயந்திரத்தை நம்பி வீட்டுக்குப் போய்விடுபவர் எங்கே சறுக்குகிறார் என்பதைப் பார்க்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி இறால்கள் திரளாக ஓடு கழற்றும். அந்நேரத்தில் அவை தின்பது குறைவு. உடல் மென்மையாக இருப்பதால் ஒதுங்கிக் கிடக்கும். அனுபவமுள்ள பண்ணையாளர்கள் அந்நாட்களில் தீவனத்தைக் குறைத்துவிடுவார்கள். டைமருக்குத் திதி தெரியாது. நேற்று 50 கிலோ என்றால் இன்றும் 50 கிலோ.

மேகமூட்டமும் அப்படித்தான். நீரிலுள்ள பாசி வெயிலில்தான் பிராணவாயுவை உண்டாக்கும். இரவில் அதுவும் மற்ற உயிர்களோடு சேர்ந்து பிராணவாயுவைச் செலவழிக்கும். எனவே விடியற்காலையில் குளம் மூச்சுத் திணறும் நிலையில் இருக்கும். முந்தைய நாள் முழுக்க வெயிலே இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். கெண்டைக் குளத்தில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் தீவனம் போடுவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். தின்ற உயிருக்கு ஜீரணிக்கக் கூடுதல் பிராணவாயு தேவை. தின்னாத தீவனம் அழுகவும் பிராணவாயு தேவை.

இதில் யாரும் எளிதில் கவனிக்காத ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தீவன இயந்திரத்தின் மோட்டார் சிறியது, சின்ன சோலார் பலகையும் பேட்டரியும் போதும். ஏரேட்டர்களுக்கோ மின்வாரிய இணைப்பு அல்லது ஜெனரேட்டர் வேண்டும். மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் கிளம்பாமல் போனால் ஏரேட்டர்கள் நின்றுவிடும். ஆனால் சோலார் இயந்திரம் தன் கடமையைத் தவறாமல் செய்துகொண்டிருக்கும். காற்று கிடைக்காத குளத்தில் தீவனம் விழுந்துகொண்டே இருக்கும். ஏரேட்டர் நின்றால் தீவனமும் நிற்கும்படி இரண்டையும் ஒரே இணைப்பில் பிணைப்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. ஊர் எலக்ட்ரீஷியனே செய்யக்கூடியது. இயந்திரம் வாங்கும் நாளிலேயே செய்ய வேண்டியதும் இதுதான்.

இடமும் முக்கியம். குளம் சதுரம் அல்லது நீள்சதுரம். இயந்திரம் வீசுவதோ வட்டம். மூலைகளில் இருக்கும் இறாலுக்குப் பந்தி வெகுதூரம். வட்டத்துக்குள் பெரிய இறால்கள் இடம் பிடித்துக்கொள்ள, சிறியவை இன்னும் சிறியவையாகவே நின்றுவிடும். பிடிக்கும் நாளில் அளவு ஒழுங்காக இல்லையென்றால் விலை குறையும். எனவே ஏரேட்டர்கள் கழிவைத் தள்ளிக் குவிக்கும் இடத்துக்கு விலகி, அடித்தரை சுத்தமாக இருக்கும் பகுதியில் தீவனம் விழும்படி இயந்திரத்தை நிறுத்த வேண்டும். குளம் பெரியதானால் ஒரு பெரிய இயந்திரத்தைவிட இரண்டு சிறியவை மேல்.

பிறகு அன்றாடத் தொல்லைகள். உப்புக் காற்றில் திருகாணிகள் துருப்பிடிக்கும. ஈரம் பட்டால் தீவனம் தொட்டிக்குள்ளேயே கட்டியாகிப் பாலம் போல் நின்றுவிடும். மோட்டார் வெறுமனே சுற்றும், ஒரு குருணையும் விழாது. தூரத்திலிருந்து சத்தம் கேட்பவர் தீவனம் விழுகிறது என்று நிம்மதியாக இருப்பார். தீவனத்தின் தூசி தட்டில் படிந்து வீசும் அளவு மாறும். தீவனத்தின் குருணை பெரிதானால் ஒரு விநாடியில் விழும் எடையும் மாறும். குருணையின் அளவை மாற்றும்போதெல்லாம் பத்து விநாடி வீச்சைச் சாக்கில் பிடித்துத் தராசில் வைத்துப் பார்க்காவிட்டால் டைமரின் எண்களுக்கு அர்த்தமே இல்லை.

இந்தக் கோளாறுகளையெல்லாம் கண்டுபிடிக்கும் கருவி பழையதுதான். ‘செக் ட்ரே’ எனப்படும் வலைத்தட்டில் ஒரு பிடித் தீவனம் வைத்துக் குளத்தில் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தட்டு காலியாக இருந்தால் அடுத்த வேளை சற்றுக் கூடும். மிச்சமிருந்தால் குறையும். தட்டில் ஏறிவரும் இறாலின் குடல் நிரம்பியிருக்கிறதா, ஓடு மென்மையாக இருக்கிறதா, செவுள் கறுத்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரியும். இயந்திரம் வைத்த குளத்திலும் தட்டைத் தூக்குவதை நிறுத்தக் கூடாது. வீச்சு வட்டத்துக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று வைத்தால் தீவனம் எங்கே போகிறது என்பதும் புரியும்.

கடனும் கணக்கும்

பண்ணையாளர் நடத்தும் பேரத்தில் இயந்திரம் ஒரு பகுதி மட்டுமே. சிறு விவசாயிகளில் பலர் தீவனத்தைக் கடனில் வாங்குகிறார்கள். இறால் பிடித்த பிறகு டீலருக்குப் பணம் போகிறது. எவ்வளவு தீவனம் போட வேண்டும் என்ற அட்டவணையும் தீவனக் கம்பெனியிடமிருந்தே வருகிறது. அதிகம் விற்றால் லாபம் காணும் தரப்பே அளவையும் சொல்லும் விசித்திரம் இது. தீவனத்தின் தரத்தைக் கட்டுப்படுத்த 2020இல் ஆந்திர அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் குளத்தில் விழும் அளவுக்குச் சட்டம் கிடையாது. அதைத் தீர்மானிப்பது விவசாயியின் குறிப்பேடுதான்.

குளத்தை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவரின் நிலைமை இன்னும் சிக்கல். அடுத்த வருடம் குளம் கையில் இருக்குமா என்பது தெரியாதவர் இயந்திரத்தில் பணத்தை முடக்கத் தயங்குவார். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதமும், தலித்துகள், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் என்று வகுத்தது. மீதியைப் புரட்டுவது விவசாயியின் பாடு.

உலகச் சந்தையின் நெருக்கடி மறுபக்கம். தென் அமெரிக்காவின் ஈக்வடார் ஏற்றுமதியில் இந்தியாவை முந்திவிட்டது. ஒலி கேட்கும் இயந்திரங்கள் அங்கே பெருமளவில் பரவியிருக்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது ஈக்வடாருக்கு விதித்தது 15 சதவீதம். அந்த வாரங்களில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிப்பதும் ஆந்திரப் பண்ணையாளருக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் ஈக்வடாரை அப்படியே பின்பற்ற முடியாது. அங்கே ஒரு குளமே பல ஹெக்டேர் பரந்தது, இறால் நெருக்கமும் குறைவு. விலையுயர்ந்த ஒலிவாங்கியின் செலவு அத்தனை பரப்பில் பிரிந்துவிடும். ஓரிரு ஏக்கர் குளம் வைத்திருப்பவருக்கு அதே கருவி யானையைக் கட்டித் தீனி போடும் கதையாகிவிடும்.

தீவன இயந்திரத்தின் மீது முதலீட்டாளர்கள் கொண்ட மோகத்துக்கு இந்தோனேசியா ஒரு பாடம். பாண்டுங் நகரில் 2013இல் தொடங்கிய ‘இ-ஃபிஷரி’ நிறுவனம் தானியங்கித் தீவன இயந்திரத்தை வைத்தே பெயர் வாங்கியது. 2023இல் அதன் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. 2024 டிசம்பரில் கணக்குப் புரட்டு புகார் வெடித்து அதன் நிறுவனர் தலைமைப் பதவியை இழந்தார். நான்கு லட்சம் இயந்திரங்கள் குளங்களில் இயங்குவதாகச் சொல்லப்பட்டிருக்க, விசாரணையில் தெரியவந்தது சுமார் 24,000 மட்டுமே என்று செய்திகள் வெளியாயின. அந்த 24,000 குளங்களில் இயந்திரம் தீவனம் வீசியது நிஜம். மற்ற எண்களைக் காகிதத்தில்தான் தேட வேண்டியிருந்தது. எத்தனை சதவீதத் தீவனம் மிச்சம் என்று விளம்பரம் சொன்னாலும், பக்கத்துக் குளத்தின் குறிப்பேட்டைப் பார்த்த பிறகு நம்புவதே நல்லது.

கரையில் ஒருவர்

குளக்கரையில் ஒரு குடிசை இருக்கும். அதில் ஒரு தம்பதி தங்கியிருப்பார்கள். ஸ்ரீகாகுளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிழைக்க வந்தவர்களாக இருக்கலாம். தீவனம் வீசுவது, இரவில் ஏரேட்டர் நின்றால் எழுந்து ஓடுவது, பறவைகளை விரட்டுவது, மூட்டைக்குக் காவல் இருப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆட்டோ ஃபீடர் வாங்கும் முதலாளிகளில் சிலருக்கு மனதில் ஓடுவது தீவனச் சிக்கனத்தைவிட இந்தக் கூலியும், மூட்டை களவு போகுமோ என்ற சந்தேகமும்தான். இயந்திரம் வந்தால் ஆளைக் குறைக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

கூலி ஓரளவு குறையக்கூடும். ஒருவர் பார்த்த இடத்தில் இனி இரண்டு மூன்று குளங்களைப் பார்க்கலாம். இடுப்பளவு தெப்பத்தில் 25 கிலோ மூட்டையோடு வெயிலில் அலையும் சிரமம் தீர்வதும் நல்லதுதான். ஆனால் தொட்டியை நிரப்ப, தூசியைத் துடைக்க, வலைத்தட்டைத் தூக்கிப் பார்க்க, வானம் கறுத்தால் சுவிட்சை அணைக்க ஆள் வேண்டும். இவற்றில் கடைசி இரண்டையும் கூலிக்கு வேலை செய்பவர் தானாக முடிவெடுத்துச் செய்ய வேண்டும். சுவிட்சை அணைத்ததற்காகத் திட்டு வாங்குபவர் அடுத்த முறை அணைக்க மாட்டார். நிறுத்தும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுத்து, மிச்சமான தீவனத்தில் ஒரு சிறு பங்கைக் கூலியோடு சேர்த்துத் தருவது எந்தக் கருவியையும்விட மலிவான ஏற்பாடு.

கொல்லேறு பக்கத்தில் இன்றும் காலையில் படகு கிளம்புகிறது. மூங்கில் கழிகளுக்கு இடையே போய், நேற்றுக் கட்டிய சாக்கை ஒரு கை தூக்கிப் பார்க்கிறது. இலகுவாக இருந்தால் அடுத்த கழிக்கு நகர்கிறது. கனத்தால் படகு அங்கேயே நிற்கிறது. அவர் குனிந்து தண்ணீரைப் பார்க்கிறார். பீமவரத்துக் குளத்தில் பீப்பாய் மறுபடியும் உறுமும் நேரத்தில், அதன் பக்கத்தில் இப்படிக் குனிந்து பார்க்க ஒருவர் இருந்தால் அந்த இயந்திரம் தன் விலையை மீட்டுக் கொடுத்துவிடும்.